சீரில் வந்த பஞ்சு

டெஸ்ட் கிட்டைத் திறப்பதற்கு முன்னால், தொட்டியைச் சுற்றி நிற்கிறவர்களின் முகங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மீன் தொட்டி பராமரிக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதுதான். எத்தனை சொட்டு விடவேண்டும், எந்த நிறம் வந்தால் என்ன பொருள் என்பதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. வந்த நிறத்தை யார் முன்னால் எப்படிச் சொல்வது என்று எந்தத் தாளிலும் போட்டிருக்காது.

தொண்ணூறுகளில் கோயம்புத்தூர் உக்கடத்தில் எங்கள் கடை இருந்தது. என் கூட்டாளி காதர் பாய் கடையில் உட்கார்ந்து மீன் விற்பார். நான் வீடு வீடாகப் போய்த் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வருவேன். முழங்கால் மக்கர் செய்ததால் எல்லாரையும்விடக் கொஞ்சம் முன்னதாகவே ஓய்வுக்கு வந்துவிட்டேன். இப்போது காலையில் எழுந்ததும் என் வீட்டுத் தொட்டி ஒன்றைத்தான் பார்க்கிறேன். அதைச் சோதிக்கும்போது யாரும் சுற்றி நிற்பதில்லை என்பதால் சுவாரசியமும் இல்லை.

கோயம்புத்தூர் வீடுகளைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே தண்ணீர் இரண்டு சாதி. துணி துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர். அதை உப்புத் தண்ணி என்பார்கள். குடிக்க சிறுவாணி, அதுதான் நல்ல தண்ணி. வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு சொம்பு சிறுவாணி கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்ப்பார்கள். நாம் ‘இனிப்பா இருக்குதுங்க’ என்று சொன்னால்தான் அடுத்த பேச்சு. வெளியூர் போகும்போது கேனில் பிடித்துக்கொண்டு போகும் குடும்பங்களும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் தண்ணீரைச் சோதிப்பது என்பது பாதி வேதியியல், பாதி குடும்ப கௌரவம்.

பீளமேட்டில் நான் பார்த்துவந்த வீடுகளில் ஒன்று சரசக்கா வீடு. கணவர் பம்புசெட்டு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். மகள் கோகிலா கல்லூரியில் படித்தாள். அவள் வளர்த்தது ஓர் ஆஸ்கார் மீன். விரல் நீளக் குஞ்சாக எங்கள் கடையிலிருந்து போனது, உள்ளங்கை கொள்ளாத அளவுக்கு வளர்ந்திருந்தது. பெயர் துரை.

பெயர் சரியாகவே பொருந்தியது. ஆஸ்காரை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு முகம் உண்டு. கோகிலா வந்தால் கண்ணாடிக்கு ஓடிவரும். அவள் கையிலிருந்தே இரை வாங்கும். அவள் அப்பா வந்தால் திரும்பிக்கொள்ளும். நான் தண்ணீர் மாற்றினால் கோபித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துவிடும். முதல் தடவை செத்தேபோய்விட்டது என்று சரசக்கா அலறினார். “நடிக்கிறானுங்க” என்றேன். சிறிது நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நீந்தியது.

கோகிலாவுக்குத் தாராபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. ஆற்றோரம் வயலும், ஊருக்குள் நெல் மண்டியும் உள்ள குடும்பம். மாப்பிள்ளை செந்தில் இன்ஜினியர். பேச்சு முடிகிற இடத்தில் கோகிலா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: துரையும் கூட வருவான். மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மாள் சிரித்துவிட்டு, “ஒரு மீனுதானுங்களே, வரட்டும். எங்க ஊட்டுல எடமா இல்ல?” என்றாராம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சரசக்கா, மீன் போவதானால் முறையாகச் சீரில்தான் போகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். பீரோ, கட்டில், கிரைண்டர், நான்கடி மீன் தொட்டி என்று சீர் சாமான் வரிசை ஏறியது.

என் பங்குக்கு நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பழைய தொட்டியின் வடிகட்டியில் இருந்த பஞ்சும், அடியில் கிடந்த கூழாங்கல்லும் கழுவப்படாமல் அப்படியே புதுத் தொட்டிக்குப் போகவேண்டும். அந்தப் பஞ்சு பார்க்கச் சகிக்காது. பழுப்பேறி, வழுவழுவென்று, சேற்றில் புரண்டதுபோல இருக்கும். மீன் கழிப்பதெல்லாம் தண்ணீரில் அமோனியாவாகச் சேர்கிறது. பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்று தீர்க்கின்றன. புதுத் தொட்டியில் அவை சேர வாரக்கணக்கில் ஆகும். பழைய பஞ்சைக் கொண்டுபோனால் அன்றே வேலை தொடங்கிவிடும். பழைய தண்ணீரோடு மூடி போட்ட வாளியில் வையுங்கள், கையே வைக்காதீர்கள் என்று கோகிலாவிடமும் சொன்னேன், சரசக்காவிடமும் சொன்னேன்.

“சரிங்க தம்பி” என்றார் சரசக்கா. கல்யாண வீட்டில் ‘சரிங்க’ என்பதற்கு ‘காதில் விழுந்தது’ என்பதைத் தாண்டிப் பொருள் கிடையாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாராபுரத்தில் தொட்டியைப் பொருத்துவதை மாப்பிள்ளையே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் கடைக்குப் போன் வந்தது. கோகிலா குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அண்ணா, துரை சாஞ்சு படுத்திருக்கான். கோபமாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன். கோபம் இல்லீங்ண்ணா. மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடறான். செவுளெல்லாம் செவந்திருக்குது.”

“ஏர் பம்ப் ஓடுதா கண்ணு?”

“ஓடுதுங்ண்ணா. அம்மாவும் அப்பாவும் எங்களை விருந்துக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க. இங்க அத்தைக்கும் அம்மாவுக்கும் பேச்சு வளந்துட்டே போகுது. அவனையும் பாக்கமாட்டாம, இவங்களையும் பாக்கமாட்டாம நிக்கறேன். வெரசா வாங்கண்ணா.”

அடுத்த தாராபுரம் பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக எனக்கு மீனைப் பற்றிய கவலை பாதிதான். சீரில் வந்த ஓர் உயிர், புகுந்த வீட்டில் கால் வைத்த முதல் வாரத்திலேயே செத்தால் அதை யாரும் மீன் செத்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருபது வருடம் கழித்தும் ஏதாவது ஒரு விசேஷத்தில் யாராவது ஒருவர் அதைப் பேச்சில் எடுப்பார். கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியவள் கோகிலா.

நான் போனபோது இரண்டு குடும்பமும் கூடத்தில் தொட்டியைச் சுற்றி இருந்தது. துரை மேல்மட்டத்தில் ஒருக்களித்து மிதந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அது நடிப்பு அல்ல. கோகிலா கண்ணாடியில் கை வைத்தபடி நின்றாள்; துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விவகாரம் எனக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கியது. சரசக்கா வீட்டில் சீர் லாரியோடு டிரம் டிரம்மாகச் சிறுவாணித் தண்ணீரையும் அனுப்பியிருந்தார்கள். ரத்தினம்மாளுக்கு அது சுருக்கென்று இருந்திருக்கிறது; அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிற வீட்டுக்கு ஒருவர் தண்ணீர் அனுப்புவதா? மாப்பிள்ளை இன்ஜினியர் அல்லவா, நடுவில் புகுந்து சமரசம் செய்திருக்கிறார். பாதி சிறுவாணி, பாதி அமராவதி. இரண்டு வீட்டு மானமும் சரிசமமாக ஊற்றப்பட்டது. அதனால்தான் இப்போது இரண்டு பேருமே மற்றவருடைய பாதியைக் குற்றம் சொல்ல முடிந்தது.

“எங்க ஊட்டுல சிறுவாணியில ராசாவாட்ட இருந்தானுங்க, தம்பி. நீங்களே பாத்திருக்கறீங்கல்ல?” என்றார் சரசக்கா, என்னைச் சாட்சிக்கு இழுத்து.

“அமராவதித் தண்ணி குடிச்சு எங்க ஊட்டுல யாரும் இதுவரைக்கும் சாஞ்சு படுக்கலீங்களே” என்றார் ரத்தினம்மாள்.

மாப்பிள்ளையின் அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

டிரம்மில் மீதியிருந்த சிறுவாணியில் கொஞ்சம் எடுத்தேன். மாடித் தொட்டியில் நின்றிருந்த அமராவதித் தண்ணீரில் கொஞ்சம். கடைசியாக மீன் தொட்டியில் கொஞ்சம். மூன்று கண்ணாடிக் குழாய்களையும் வரிசையாக வைத்துச் சொட்டு விட்டேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்ப்பதுபோல அத்தனை பேரும் குனிந்தார்கள்.

சிறுவாணி மஞ்சள். அமராவதி மஞ்சள். மீன் தொட்டி கரும்பச்சை.

“ரெண்டு தண்ணியுமே நல்ல தண்ணிங்க. ஒரு கொறையும் இல்ல” என்றேன்.

இரண்டு அம்மாக்களின் முகத்திலும் ஒரே ஏமாற்றம். தன் பக்கம் சுத்தம் என்று கேட்டதில் வந்த மகிழ்ச்சியைவிட எதிர்ப் பக்கமும் சுத்தம் என்பதில் வந்த வருத்தம் பெரிதாக இருந்தது.

பச்சை என்றால் அமோனியா. அது எங்கிருந்து வந்தது என்று குனிந்து பார்த்தேன். தொட்டியின் மூலையில் வெள்ளையாக என்னவோ ஊறிக் கிடந்தது. வலையால் எடுத்துப் பார்த்தால் இட்லி.

“இட்லி போட்டீங்களாங்கம்மா?”

ரத்தினம்மாள் கொஞ்சம் தடுமாறினார். “பொறகென்னங்க? ஊட்டுக்கு ஒறம்பரையா வந்திருக்குது. வெறும் வயத்தோட வெச்சிருக்கறதுங்களா? பொண்ணைப் பாக்க வாரவங்க எல்லாம் அதையும் பாத்துட்டு, ஆளுக்கொரு வாய் போட்டாங்க. பலகாரத்துக்குச் சுட்ட கச்சாயங்கூடத் தின்னானுங்க.”

பார்க்க வந்த உறவினர்களிடம் புதுப்பெண் ‘போடாதீங்க’ என்று எப்படிச் சொல்வாள்? கோகிலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்தபடி, “கொஞ்ச நாளைக்கு இவனுக்கு விரதமுங்க” என்று சொல்லி அதை லேசாக்கப் பார்த்தேன். ஆனால் சரசக்கா அந்த இடத்தை விடுவதாக இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க பக்கத்துல ஒரு சொல்லு வரக்கூடாதுன்னு நான் பாத்துப் பாத்து அனுப்புனேனுங்க. அந்தப் பஞ்சு இருந்த இருப்புக்கு, அதைச் சீர்ல வெச்சா நாலு பேரு என்னங்க நெனப்பாங்க? நானே கைப்பட சோப்புப் போட்டுத் தொவைச்சு, நல்லா அலசி, மொட்டை மாடி வெயில்ல காயவெச்சு, பூவாட்ட வெள்ளையா மடிச்சு அனுப்புனேன். கல்லைக்கூட ஒண்ணொண்ணா தேச்சுக் கழுவுனேனுங்க.”

என் கை வடிகட்டியின் மூடியில் இருந்தது. திறந்து பார்த்தேன். உண்மைதான், வாங்கிய அன்று இருந்ததைவிட வெள்ளையாக இருந்தது.

பழியில் இட்லியின் பங்கு சிறிதுதான். பழைய பஞ்சு இருந்திருந்தால் இட்லியைத் தாங்கியிருக்கும். துரையின் தொட்டியில் இருந்த அத்தனை உயிரும் பீளமேட்டு மொட்டை மாடியில் காய்ந்துபோயிருந்தது. அதைச் செய்தவர் செய்ததைப் பெருமையாக எல்லார் முன்னாலும் இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

இந்த மாதிரி இடத்தில் நமக்கு முதலில் தோன்றுவது, பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது. நானும் மூடியை மெல்ல மூடினேன். ஆனால் ரத்தினம்மாள் மண்டியில் உட்கார்ந்து நெல் பார்க்கிற குடும்பத்து மனுஷி. என் கை நின்றதைக் கவனித்துவிட்டார்.

“ஏனுங் தம்பி, பஞ்சைத் தொவைச்சா நல்லதுதானுங்களே?”

‘நல்லதுங்க’ என்றால் இன்றைக்குப் பிரச்சினை முடியும். ஆனால் அடுத்த வாரம் யாரோ ஒருவர் மறுபடியும் துவைப்பார், துரை சாவான். ‘இவங்க தொவைச்சதுதான் காரணம்’ என்றால் துரை பிழைப்பான், ஆனால் கோகிலாவின் அம்மா இந்த வீட்டுக்குள் தலைநிமிர்ந்து நுழைய முடியாது. ஆளைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்வது என்று தீர்மானித்தேன். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

“பஞ்சுல இருக்கறது அழுக்கு இல்லீங்கம்மா. கண்ணுக்குத் தெரியாத உசுருக. மீன் கழிக்கற வெசத்தை அதுகதான் தின்னு தீக்குது. புதுப் பஞ்சுல அதுக இருக்காது. சோப்பும் வெயிலும் பட்டாலும் இருக்காது.”

யார் பெயரையும் நான் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த எல்லாரும் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். சரசக்காவின் முகம் சுருங்கிவிட்டது. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். ரத்தினம்மாளிடம் இப்போது எல்லாமே இருந்தது. இட்லிக்குப் பதிலாக வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க வாய்ப்பு வீடு தேடி வந்திருந்தது. அவர் வாயைத் திறந்தார். திறந்தவர் ஒரு கணம் கோகிலாவைப் பார்த்தார். அவள் இன்னும் கண்ணாடியில் வைத்த கையை எடுக்கவில்லை.

“அட கருமமே!” என்றார் ரத்தினம்மாள். “அப்படீன்னா நானுமல்ல கெடுத்துப்போட்டேன். லாரியில வந்த சாமானாச்சே, தூசி கீசி இருக்குமேன்னு நானும் ஒருக்கா சோப்புப் போட்டுத் தொவைச்சுப்போட்டுத்தானுங்க மாட்டச் சொன்னேன். அங்கயும் தொவைச்சு, இங்கயும் தொவைச்சா அதுக எப்படிங்க சம்பந்தி பொழைக்கும்?”

சரசக்கா தலைநிமிர்ந்து பார்த்தார். “நீங்களுமாங்க?”

“பொறகு? சுத்தம் உங்க ஊட்டுக்கு மட்டும் சொந்தமுங்களா?”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

அதன் பிறகு வேலை சுலபமாக ஓடியது. இட்லியையும் கச்சாயத் துணுக்குகளையும் வழித்தெடுத்தேன். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, எந்தத் தண்ணீர் ஊற்றட்டும் என்று கேட்டதில்தான் புதுச் சண்டை கிளம்பியது. ரத்தினம்மாள் டிரம்மைக் காட்டி, “சிறுவாணியே ஊத்துங்க, பழகுனதுதானுங்களே” என்றார். சரசக்கா, “வேண்டாமுங்க, இங்கத்த தண்ணியே ஊத்துங்க. அவன் இனி இந்த ஊருக்காரன்” என்றார். நான் மாடித் தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஆஸ்காருக்கு எந்த மாற்றமும் அவசரமாக வரக்கூடாது.

அடுத்து வேண்டியது பஞ்சு. கடைக்குப் போன் போட்டேன்.

“பாய், ஒரு பஞ்சு வேணும். இருக்கறதுலயே அழுக்கானதா.”

“ஏன்யா, தாராபுரம் வரைக்கும் போயி புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

“நம்ம பெரிய ஆஸ்கார் தொட்டியில இருக்கறதைப் பிழியாம அந்தத் தண்ணியோடயே பையில கட்டி, அடுத்த பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து விடுங்க. கழுவிப்போடாதீங்க.”

“கழுவறதா? நம்ம கடையிலயா?” என்றார் பாய். அந்த வகையில் எங்கள் கடையை முழுமையாக நம்பலாம்.

மத்தியானத்துக்கு மேல் மாப்பிள்ளை செந்தில் தன் பைக்கில் என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அவர் என் பக்கம் சாய்ந்து, “அண்ணா, ஒண்ணு சொல்லோணும். மனசுக்குள்ளயே வெச்சுக்கோங்க” என்றார்.

“சொல்லுங்க.”

“எங்கம்மா அந்தப் பஞ்சைத் தொடவே இல்லீங்ண்ணா. கட்டி அனுப்புன பையை நாந்தான் பிரிச்சு, நேரா மாட்டுனேன். அம்மா அப்ப கல்யாண மண்டபத்துல இருந்தாங்க.”

அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பழுப்புத் தண்ணீர் நிறைந்த பையைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“ஏனுங்க, இது என்னங்க இந்த நாத்தம் நாறுது? பல்லடத்துலயே எறக்கி உட்டுரலாம்னு பாத்தேன்.”

செந்தில் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “மாமியா ஊட்டுச் சீருங்க” என்றார்.

பஞ்சைப் பொருத்திவிட்டு, அன்றாடம் கொஞ்சம் தண்ணீர் மாற்றச் சொல்லி, இரை போடக்கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பீளமேட்டு விருந்து தள்ளிப்போனது. துரை எழுந்த பிறகு போய்க்கொள்ளலாம் என்று ரத்தினம்மாளே சொல்லிவிட்டாராம். சரசக்காவும் கணவரும் இரண்டு நாள் அங்கேயே தங்கினார்கள். மூன்றாவது நாள் கோகிலா போன் செய்தாள். துரை நேராக நீந்துகிறான், மாமனாரைக் கண்டால் திரும்பிக்கொள்கிறான் என்றாள். அப்படியானால் குணமாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அன்றைய டைரியில் மூன்று குழாய்களின் நிறங்களையும், எவ்வளவு தண்ணீர் மாற்றினேன் என்பதையும் ஒழுங்காக எழுதினேன். அந்தக் கூடத்தில் சரியான முடிவை எடுத்தவர் நான்தான் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது ஆளைச் சொல்லாமல் விட்டது மட்டும்தான். சொல்லாமல் விட்டாலும் பழி போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அதைப் பாதி வழியில் கை நீட்டி வாங்கிக்கொண்டவர் வேறொருவர். நாளைக்கு நீங்கள் போகிற வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்குப் பேச இடம் விட்டு, நீங்கள் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு தாராபுரம் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வீட்டுக்குப் போவேன். சில மாதம் கழித்து ஒருமுறை போனபோது பஞ்சு நன்றாகப் பழுத்துத் தண்ணீர் போகாமல் அடைத்திருந்தது. தொட்டித் தண்ணீரிலேயே லேசாக ஒரு அலசு அலசவேண்டும். அது முறையான பராமரிப்பு. வாளியோடு உட்கார்ந்து பஞ்சை வெளியே எடுத்தேன். உள்ளேயிருந்து ரத்தினம்மாள் கரண்டியோடு ஓடிவந்தார்.

“ஏனுங் தம்பி, கீழ வைங்க அதை! தொவைக்கற சோலியே ஆகாது. அம்மாக்காரிக நாங்க ரெண்டு பேரு தொவைச்சுப் பட்ட பாடு போதாதுங்களா?”

முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கத்தில் கோகிலா நின்றிருந்தாள்.

“போதுமுங்கம்மா” என்று சொல்லி, பஞ்சை அப்படியே திரும்பப் போட்டேன்.